பயிரைக் கெடுக்கும் சிறு விலங்குகளுக்கு எந்தத் தோட்டா?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா, வயோமிங், மொன்டானா மேய்ச்சல் நிலங்களில் வளை தோண்டும் ப்ரேரி நாய்களையும் (பெயரில்தான் நாய், உண்மையில் அணில் குடும்பம்), கிழக்கே பென்சில்வேனியா வயல்களில் உட்சக் என்னும் வளைதோண்டி விலங்குகளையும் சுடுகிறவர்கள் பலர் வேகத்தைப் பார்த்தே தோட்டா வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியவை தூரமும், ஒரு நாளில் எத்தனை தடவை சுடப்போகிறோம் என்பதும்தான். ஆகவே நிலத்துக்குப் போய்த் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். நூறு கெஜத்துக்குள் முடிகிற வேலை என்றால் .22 லாங் ரைபிள் போதும், விலையும் குறைவு. ஆனால் மெதுவாகப் போகும் அதன் ஈயக்குண்டு உடையாமல் காய்ந்த தரையில் பட்டு எகிறக்கூடும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது. 2002இல் வந்த .17 எச்.எம்.ஆர். 17 கிரெயின் எடையுள்ள குண்டை நொடிக்கு 2,550 அடி வேகத்தில் செலுத்துகிறது. 150 கெஜம் வரை அது அருமையான தோட்டா. காற்று வீசினால் மட்டும் அந்த இலேசான குண்டு விலகிவிடும்.

அதற்கு மேல் 300 கெஜம் வரை என் தீர்ப்பு .223 ரெமிங்டன்தான். .22-250 பிரியர்கள் இதை ஏற்பதில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: 55 கிரெயின் குண்டு .223இல் நொடிக்கு 3,240 அடி போகிறது, .22-250இல் 3,680 அடி. குண்டு கீழிறங்குவதும் குறைவு. ஆனால் குறி தப்புவது பெரும்பாலும் காற்றால். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 300 கெஜத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு அங்குலம். காற்றின் வேகத்தை மூன்று மைல் தப்பாகக் கணித்தாலே எந்தக் குண்டும் அதைவிட அதிகம் விலகிவிடும். அந்த இரண்டு அங்குலத்துக்காக, அதே அளவுத் துளை வழியே சுமார் பத்து கிரெயின் மருந்து கூடுதலாக எரிகிறது. குண்டு குழலுக்குள் நுழையும் அந்தச் சிறு பகுதி சீக்கிரம் அரித்துப்போகிறது. ப்ரேரி நாய் வளைகள் மண்டிய இடத்தில் நாளெல்லாம் சுடும்போது குழல் சூடேறி, குறியும் சிதறும். கொயோட் என்னும் காட்டுநாய் வேட்டை வேறு. இரண்டு மூன்று தடவைதான் சுட வேண்டிவரும், தூரமும் முன்கூட்டித் தெரியாது. அங்கே .22-250 வாங்குவது சரி.

அடுத்து குண்டு. பட்டதும் உடையும் மெல்லிய உறைக் குண்டையே எடுங்கள். விலங்கு துடிக்காமல் சாகும், எகிறலும் குறையும். ஆனால் உடலில் தங்கும் ஈயத்துணுக்குகள் அவ்விலங்கைத் தின்னும் கழுகைக் கொல்லக்கூடும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக்குண்டு கூடாது. அதற்கு மாற்றான செம்புக்குண்டு அதே எடையில் நீளமாக இருக்கும். உட்புறச் சுருள்பள்ளம் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் குழலில் நீளமான குண்டு நிலைதடுமாறலாம். 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் கவலையில்லை. பெட்டியை வாங்குமுன் குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். .223 என்று மட்டும் இருந்தால் 5.56 ராணுவத் தோட்டாவும் உள்ளே பொருந்தும், ஆனால் அழுத்தம் எல்லை மீறலாம். போடாதீர்கள்.