இல்லத்தில் சேர்த்த பிறகு

வயதான பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது முறையா, முறையற்றதா என்ற விவாதம் நம் சமுதாயத்தில் ஓய்ந்தபாடில்லை. சேர்த்தவர்கள் குற்ற உணர்வால் மௌனம் காக்கின்றனர். அந்த நிலை வராதவர்கள் சற்று உரத்த குரலில் பேசுகின்றனர். இதற்கிடையில், சேர்த்த மறுநாள் முதல் பிள்ளைகளின் கடமை யாது என்ற கேள்வி கேட்கப்படாமலேயே போகிறது.

மும்பைத் தமிழர்களின் நிலையை எடுத்துக்கொள்வோம். மாதுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றிய குடும்பங்கள் பல, பெருகிய பின் முலுண்ட், தாணே, டோம்பிவிலி என ரயில் பாதையை ஒட்டி நகர்ந்தன. பிள்ளைகள் சிலர் கடல் கடந்தும் சென்றனர். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் இரண்டு அறை வீட்டில், நினைவு தடுமாறும் தாயை இரவும் பகலும் காப்பது எத்தகைய பாரம் என்பதை அனுபவித்தவரே அறிவர். அத்தகைய தாய் ஒருவர் தாணேயில் உள்ள ஓர் இல்லத்தில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உணவு, மருந்து, தூய்மை எதற்கும் குறைவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாகக் கடைத்தெருவில் மராத்தியும் அக்கம்பக்கத்தில் இந்தியும் சரளமாகப் பேசியவர், இப்போது தமிழ் மட்டுமே பேசுகிறார். மறதிநோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழிகள் முதலில் நழுவுவதும் தாய்மொழி எஞ்சி நிற்பதும் பலரிடம் காணப்படுவதே.

அங்குள்ள பணிப்பெண்களை ‘மாவ்ஷி’ என்று அழைப்பர். தாயின் சகோதரி என்பது அச்சொல்லின் பொருள். அந்த மாவ்ஷி அன்பானவர்தான். ஆயினும் ‘கால் வலிக்கிறது’ என்பது அவருக்கு வெறும் ஓசை. புரியாததால் மூதாட்டி உரக்கக் கூவுகிறார். ‘இரவில் கத்துகிறார்’ என்று ஏட்டில் பதிவாகிறது. அடுத்து தூக்க மருந்து வரலாம். வலி காலில் இருக்க, மருந்து குரலை அடக்கத் தரப்படுகிறது.

குடும்பத்தின் பணி இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் இருபது தமிழ்ச் சொற்களைத் தேவநாகரி எழுத்தில் எழுதி, எதிரே மராத்திப் பொருளைக் குறித்துக் கட்டிலருகே வைத்தால் போதும். வலி என்றால் ‘துக்தே’, தாகம் என்றால் ‘தஹான்’, போதும் என்றால் ‘பஸ்’. எந்தச் சொல்லை அம்மா எந்தப் பொருளில் கூறுவார், எந்தக் காதில் பேசினால் கேட்கும், எத்தனை மணிக்கு எழுந்து பழகியவர், யார் பெயரைச் சொன்னால் அமைதி அடைவார் என்பவற்றை மருத்துவரால் எழுதித் தர இயலாது. ஓரிரு நாட்களில் திடீரென ஒருவர் குழம்பிப் பேசினால், அது மறதிநோயின் வளர்ச்சியாக இராமல் சிறுநீர்த் தொற்றாகவோ புதிய மருந்தின் விளைவாகவோ இருக்கக்கூடும். ‘இது அம்மாவின் வழக்கமான தடுமாற்றம் அல்ல’ என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் அவரை அறிந்த பிள்ளையே.

சட்டம் இவ்வளவு தூரம் வருவதில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பராமரிப்பு என்று வரையறுத்தது. கைவிடுவோருக்கு 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதித்தது. சீனா ஒருபடி மேலே சென்று, பெற்றோரை அடிக்கடி சென்று காண வேண்டும் என்பதையே 2013-இல் சட்டமாக்கியது. நீதிமன்ற ஆணைக்காக வரும் மகனின் முகத்தைப் பார்த்துத் தாய் என்ன எண்ணுவார் என்பது வேறு விஷயம்.

உறவினரைப் பராமரிப்பில் பங்காளிகளாக்கும் வழியை நம் நாடு முன்பே கண்டது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் நோயாளிகள் நிரம்பி, பணியாளர் போதாதிருந்தபோது, டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் அமைத்து உறவினரை நோயாளிகளுடன் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவும் 1957 முதல் குடும்பத்தினரை உடன் தங்கச் செய்யும் முறையைக் கைக்கொண்டது. உடனிருந்தவர்கள் நோயைப் புரிந்துகொண்டனர். பராமரிக்கும் முறையையும் கற்றனர். இதற்கு நேர்மாறான நிலையை உலகம் 2020-இல் கண்டது. கொரோனா தொற்றுக்கு அஞ்சிப் பல நாடுகளில் இல்லங்களின் கதவுகள் உறவினருக்கு மூடப்பட்டன. அதன் துன்பத்தைக் கண்ட பின்னரே கனடாவின் ஒன்டாரியோ போன்ற மாகாணங்கள், குடும்பத்தினரை வெறும் விருந்தினராகக் கருதாமல் ‘இன்றியமையாத பராமரிப்பாளர்’ என்று ஏற்று உள்ளே அனுமதித்தன.

‘அம்மாவுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை, போய் என்ன பயன்?’ என்ற வாதம் ஒன்று உண்டு. சொல்பவர் பெரும்பாலும் கல்நெஞ்சர் அல்லர், உள்ளம் நொந்தவர். எனினும் வாதம் பிழையானது. அடையாளம் காணப்படுவது மகன் பெறும் பயன். மகன் வருவதால் தாய் பெறும் பயன் வேறு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமும் மகிழ்ச்சியும் தரும் திரைக்காட்சிகளைக் காட்டி ஆராய்ந்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். காட்சிகள் மறந்துபோயின, அவை எழுப்பிய உணர்ச்சி நீடித்தது. வந்தவர் யார் என்பது மறந்தாலும், யாரோ வந்து கையைப் பற்றிக்கொண்ட இதம் சற்று நேரம் தங்கும்.

தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில், கல்வி முடித்துச் செல்லும் மாணவனுக்கு ஆசிரியர் தரும் அறிவுரை பலரும் அறிந்ததே. பெற்றோரை எவ்வாறு போற்ற வேண்டும் என்று அதில் கூறப்படுவதை மேடைதோறும் கேட்கிறோம். அதைத் தொடர்ந்து, கொடுப்பதைச் சிரத்தையோடு கொடுக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்துவதை அவ்வளவாகக் கேட்பதில்லை. மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே இல்லத்திற்குச் செல்லும் தொகையும் கொடைதான். அதில் சிரத்தை எவ்வளவு என்பதை அனுப்புபவரே அறிவார்.

வாரம் ஒருமுறைதான் வர முடியும் எனில், உணவு வேளையில் வருவது நல்லது. ஒருவாய் ஊட்டும்போது பல்செட் தளர்ந்திருப்பதும் விழுங்கத் தடுமாறுவதும் கண்ணில் படும். போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். படுக்கைப் புண் முதலில் சிவப்பாகத்தான் தோன்றும். மாவ்ஷியின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயர் சொல்லி அழைத்து, நோட்டுப் புத்தகத்தில் இந்த வாரம் புதிதாகச் சேர்க்க வேண்டிய சொல் எது என்று அவரிடமே விசாரிக்கலாம். தொலைவில் இருப்பவர் அதே நேரத்தில் தொலைபேசியில் தமிழில் பேசலாம். அம்மா பதில் சொல்லாவிடினும் பேசிக்கொண்டிருக்கலாம்.