மையமிலாப் பளிங்கு

நிறைமதி இரவிற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒருமுனையை வாவியில் ஆழ்த்தி, மறுமுனையிற் செவிவைத்து மீன்பாடல் கேட்பது நம்மூர் வழக்கு. பாடுவது மீனோ ஊரியோ என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. நீருளொலி கேட்கும் இக்காலக் கருவிகள் பலவற்றில் அத்துடுப்பின் தொழிலைச் செய்வது உலோக ஒட்சைட்டுப் பளிங்கு. ஒலியின் அமுக்கத்தை அது மின்னாக மாற்றும்.

எல்லாப் பளிங்கும் இதனைச் செய்யா. ஏனென்று காண 'விகடகவி' என்னும் சொல்லே போதும். நடுநின்ற டகரத்தின் இருபுறமும் ஒத்த தொலைவில் ஒத்த எழுத்தே நிற்கும். அணுக்கள் இவ்வாறு நின்றால், அமுக்கும்போது ஒருபுறத்து விளைவை மறுபுறத்து விளைவு அழித்துவிடும். ஓரெழுத்தைப் பெயர்த்தால் மாலைமாற்றுக் கெடும். பளிங்கிலோ அக்கேடே பயன். மாலைமாற்றை வியந்து பழகிய எமக்கு இஃது எளிதிற் பிடிபடவில்லை. மையமின்மை ஒழுங்கின்மையன்று, அணுக்கள் ஒருங்கே ஒருபுறம் விலகுவதும் ஒழுங்கே.

பேரியம் தைத்தனேற்றை நோக்குக. ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்கு மேல், ஆறு ஒட்சிசன்களாலான கூட்டின் நடுவே தைத்தேனியம் நிற்கும். ஆறியதும் அவற்றுள் ஒன்றை நோக்கிச் சற்றே நகரும். மையம் போயிற்று.

இங்ஙனம் நகரும் இயல்பு சில உலோகங்கட்கே உண்டாதலின், அறிஞர் கூட்டையே திருப்ப முனைந்தனர். ஒருவகைத் திருப்பம் மட்டும் பெரும்பாலும் மையத்தைக் கெடுப்பதில்லை. படலம் படலமாய் அடுக்கிய பளிங்கில் இருவகைத் திருப்பங்கள் கூடினாற் கெடும் என 2011இல் பெனடெக், ஃபென்னி என்னும் இருவர் கணித்துக் காட்டினர். அவ்வகைக் கல்சியம் தைத்தேனியம் ஒட்சைட்டில் 2015இல் ஆய்வுக்கூடத்தினர் அதனைக் கண்ணாரக் கண்டனர்.