எத்தீமின் பெயரும் ஓர் அமானிதமே

தகப்பனை இழந்த, பருவமடையாத பிள்ளையை எத்தீம் என்கிறோம். அப்பிள்ளைக்கு ஒருவேளைச் சோறும் பெருநாளைக்கு ஓர் உடுப்பும் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடுமா? தீராது. எத்தீமின் பொருளை உண்ணலாகாது என்று எச்சரிக்கும் திருமறை, வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு 33-வது அத்தியாயத்தில் கட்டளையிடுகிறது. ஆகவே பொருளைப் போலவே பெயரும் வமிசமும் அமானிதமாகும். இதை விளங்கிக்கொள்ள இரண்டாம் உலக யுத்த காலத்து நிகழ்ச்சியொன்றைப் பார்ப்போம்.

1939-ல் சோவியத் படை போலந்தின் கிழக்குப் பகுதியைக் கைப்பற்றியது. 1940, 1941-ம் ஆண்டுகளில் அங்கிருந்த குடும்பங்கள் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடு கடத்தப்பட்டன. பசியிலும் நோயிலும் பெற்றோர் பலர் மாண்டனர், பிள்ளைகள் எஞ்சினர். 1942-ல், விடுவிக்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரரும் குடிமக்களும் காஸ்பியன் கடலைக் கடந்து ஈரானின் பஹ்லவி துறைமுகத்தில் இறங்கினர். அவர்களுள் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். டைபஸ் காய்ச்சல் பரவாதிருக்க அவர்களுடைய கந்தல்களைக் கொளுத்தி, தலையை மழித்து, கடற்கரைக் கூடாரங்களில் தங்கவைத்தனர்.

ஈரான் அன்று செழித்திருக்கவில்லை. அந்நியப் படைகள் உள்ளே இருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் தெஹ்ரானில் ரொட்டிக்காகக் கலகமே மூண்டது. அந்த நெருக்கடியிலும் இஸ்ஃபஹான் நகரம் 1942 முதல் 1945 வரை 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு நிழல் தந்தது. 'போலந்துக் குழந்தைகளின் நகரம்' என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. உடன்வந்த அகதிப் பெண்களே ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் உழைத்தனர். பிள்ளைகள் தாய்மொழியில் படித்தனர். தங்கள் மதப்படி வணங்கினர். ஈரானியக் கம்பளம் நெய்யவும் கற்றனர். முஸ்லிம்களின் நகரில் கிறிஸ்தவப் பிள்ளைகள் கிறிஸ்தவப் பிள்ளைகளாகவே வளர்ந்தனர்.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினைகள்:

1. எத்தீமை ஏற்கும்போதே பெற்றோர் பெயர், ஊர், உறவினர் விவரங்களை எழுதிவைக்க வேண்டும். தேடிவரும் உறவினருக்கு அதுவே துணை. திருமண உறவு விலக்கும் வாரிசுரிமையும் வமிசத்தைக்கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன.

2. பிள்ளையின் பொருளை நம் பொருளோடு கலந்து விழுங்கிவிடாமல், கணக்கு வைத்து, பக்குவமடைந்ததும் சாட்சிகள் முன் ஒப்படைக்க வேண்டும்.

3. நமக்கு மிஞ்சிய பிறகு கொடுப்போம் என்று காத்திருக்கலாகாது.

எத்தீமைப் பொறுப்பேற்றவர் சுவர்க்கத்தில் தமக்கு எவ்வளவு அருகில் இருப்பார் என்பதை நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டி உணர்த்தினார்கள். அந்த அருகாமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.