கூடம் கூடுவதற்கே: வரவேற்பறையை அமைக்கச் சில யோசனைகள்

விருந்தினரை உட்காரவைக்கும் அறையைப் பேச்சில் ‘ஹால்’ என்கிறோம். எழுதும்போது ‘வரவேற்பறை’ என்கிறோம். நம் பாட்டிமார் அதைக் ‘கூடம்’ என்றார்கள். எல்லாரும் கூடும் இடம் கூடம். அந்த அறையை எப்படி அமைப்பது என்பதற்கான முதல் பாடம் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

புது வீட்டுக்குக் குடிபோனதும் நாம் யோசனை தேடுவது கடைகளிலும் படப் புத்தகங்களிலும் கைப்பேசியிலும்தான். அங்கே காணும் அறைகள் அழகானவை. ஆனால் அவற்றில் மனிதர் இருப்பதில்லை. ஊரிலிருந்து மூன்று மாதம் தங்க வரும் அம்மா, தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை, தீபாவளிக்குச் சேர்ந்தாற்போல் வரும் பத்துப் பேர் ஆகியோருக்கு அந்தப் படங்களில் இடமில்லை. படத்தைப் பார்த்து வாங்கிய தாழ்ந்த சோபாவில் அமரும் பெரியவர், எழுந்திருக்க ஒருவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் பார்த்துவிட்டு அவர் படுக்கையறையிலேயே தங்கிவிடுகிறார். பேரப்பிள்ளைகளோடு அவர் தமிழில் பேசும் பொழுதும் அதோடு போய்விடுகிறது. ஆகவே கூடத்தை அமைப்பதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

காந்தலூர்ப் பக்கம் பார்ப்போம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கிறது காந்தலூர். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்தது அஞ்சுநாடு. முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இங்குள்ள தமிழரிடையே வழிவழியாக வரும் செய்தி. பல தலைமுறைகளாகியும் வீட்டில் தமிழே பேசுகிறார்கள். புலம்பெயர்ந்து வாழ்வதில் இவர்கள் நமக்கு மூத்தவர்கள்.

கூடத்துக்கான யோசனைகளும் இந்த மலைகளில் கிடைக்கின்றன. இடுக்கி மாவட்டத்துப் பழங்குடி மக்கள் மெல்லிய காட்டு மூங்கிலைக் கீறி ‘கண்ணாடிப்பாய்’ முடைகிறார்கள். வெளிச்சம் பட்டால் கண்ணாடிபோல் மினுங்குவதால் அந்தப் பெயர். வெயில் காலத்தில் குளிர்ச்சியாகவும் குளிர் காலத்தில் இதமாகவும் இருக்கும். 2025-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நிறத்துக்கு நீலக்குறிஞ்சி இருக்கிறது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் இந்தச் செடி 2018-ல் இந்த மலைகளில் பூத்தது. அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். பச்சைச் சரிவில் ஊதா கலந்த நீலம் படர்ந்த காட்சியை நினைத்துப் பாருங்கள். சுவருக்கு வெளிர்நிறம், திரைக்கு இலைப்பச்சை, இரண்டு திண்டு உறைகளுக்கு மட்டும் குறிஞ்சி நீலம் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

இதே இடுக்கி மாவட்டத்தின் வாகமனில் 1960-களில் மருத்துவரான தம் மனைவியோடு வாழ்ந்தவர், இங்கிலாந்தில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் மறையும்வரை கேரளத்தில் ஏராளமான வீடுகளைக் கட்டினார். அந்தந்த இடத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டு, அங்கே வாழப்போகிறவரின் தேவையறிந்து கட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, காற்றும் வெளிச்சமும் வரும்படி செய்த அவருடைய ஜாலிச் சுவர்கள் புகழ்பெற்றவை. வாடகை வீட்டில் நாம் சுவரை மாற்ற முடியாது. ஆனால் வாழ்பவரைப் பார்த்தபின் பொருளைத் தேடுவது என்ற அவருடைய வரிசையைப் பின்பற்றலாம்.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

1. இருக்கை: தொலைக்காட்சியை நோக்கி எல்லா இருக்கைகளையும் வரிசையாகப் போட்டால் அது திரையரங்கு ஆகிவிடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி ‘ட’ வடிவில் போடுங்கள். எதிரெதிரே இருப்பவர்களுக்கு இடையில் 8 அடிக்கு மேல் போனால் உரக்கப் பேச வேண்டிவரும். இருக்கைக்கும் டீப்பாய்க்கும் இடையே ஒன்றரை அடியும், நடக்கும் வழிக்கு இரண்டரை முதல் 3 அடியும் விடுங்கள். பெரியவர்களுக்காகக் கைப்பிடி உள்ள, 18 முதல் 20 அங்குல உயர நாற்காலி ஒன்று வெளிச்சம் வரும் ஜன்னலோரம் இருக்கட்டும்.

2. தரை: நம்மவர் தரையில் உட்காரத் தெரிந்தவர்கள். பத்துப் பேர் வந்தால் பத்து நாற்காலி தேவையில்லை. பத்தமடைக் கோரைப்பாயோ பவானி ஜமக்காளமோ ஒன்று சுருட்டி வைத்திருந்தால் போதும், வேண்டும்போது விரித்துக்கொள்ளலாம். சிறிய அடுக்குமாடி வீட்டில் இதைவிடச் சிக்கனமான யோசனை இல்லை. குளிர்நாட்டில் வாழ்பவர்கள் பாய்க்கு அடியில் கம்பளம் போட்டுக்கொள்ளலாம்.

3. வெளிச்சம்: நடு உத்தரத்தில் ஒரே வெள்ளைக் குழல்விளக்கு எரிந்தால் கூடம் அலுவலகம்போல் இருக்கும். 2,700 முதல் 3,000 கெல்வின் என்று அட்டையில் அச்சிட்ட இளமஞ்சள் பல்புகளை வாங்கி, இரண்டு மூன்று மூலைகளில் வையுங்கள். படிக்கும் இடத்துக்கு மட்டும் தனி விளக்கு போதும்.

4. சுவர்: படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருந்தால் நின்று பார்ப்பவருக்கு வசதி. உட்கார்ந்தே பார்க்கும் இடமென்றால் சற்றுத் தாழ்த்தலாம். கடையில் வாங்கிய பத்துப் படங்களைவிட, தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் ஒன்று மேல். வருகிறவர் “இது யார்?” என்று கேட்பார், பிள்ளை பதில் சொல்லக் கற்றுக்கொள்ளும்.

5. பழம்பொருள்: ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு, அஞ்சறைப்பெட்டி, மரப்பாச்சி எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்கினால் எதுவும் கண்ணில் படாது. ஒன்றை வைத்து மற்றவற்றை உள்ளே எடுத்து வையுங்கள். பண்டிகைக்குப் பண்டிகை மாற்றலாம். மறையூர்ப் பக்கம் சுற்றுலா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்குள்ள சந்தன மரங்கள் வனத்துறையின் காவலில் உள்ளவை. அழகுப் பொருளுக்காக வழியில் யாரோ நீட்டும் சந்தனக் கட்டையை வாங்கிவிடாதீர்கள்.

பயிற்சி

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் கூடத்தைக் கவனியுங்கள். ஒரு தாளில் இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள்.

அ. வீட்டில் யார் எந்த நேரத்தில் எங்கே உட்காருகிறார்கள்?
ஆ. யாருக்கு இடம் இல்லாமல் இருக்கிறது?
இ. தொலைக்காட்சியை அணைத்தபின் எத்தனை பேர் அறையில் இருக்கிறார்கள்?
ஈ. எந்தப் பொருளை எடுத்துவிட்டால் ஒருவர் கூடுதலாக உட்காரலாம்?

பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு தமிழிலேயே எழுதச் செய்யுங்கள். எட்டாம் நாள் நாற்காலிகளை நகர்த்திப் பாருங்கள். கடைக்குப் போவது அதற்கு அப்புறம் இருக்கட்டும். பல வீடுகளில் அதற்குத் தேவையே இராது.