வகுப்பறையில் கிடைத்த ‘அன்னை’ என்னும் பெயர்



கல்கத்தாவின் புனித தெரேசா என்றதும் நம் கண்முன் வருவது நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையும், சாகக் கிடப்பவர்களைத் தாங்கிப் பிடித்த கைகளுந்தான். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் படமும் அதுவே. ஆனால், அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு அவர் மடத்தை விட்டு வெளியேறிய 1948 ஆகஸ்ட் 17ஆம் நாளன்று, அவருடைய முப்பத்தெட்டாவது பிறந்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன. அதற்கு முன்னான பதினேழு ஆண்டுகளும் அவர் லொரேற்றோ சபைத் துறவற உடை தரித்த ஒரு பாடசாலை ஆசிரியை. பூமிசாஸ்திரமும் சரித்திரமும் மறைக்கல்வியும் படிப்பித்தவர். பிற்பாடு அதிபராகவும் இருந்தவர்.

இந்தப் பதினேழு ஆண்டுகளை, பெரிய வேலைக்கு முன் வந்த சிறிய வேலை என்பது போல் இரண்டு வரிகளில் சொல்லிவிட்டுத் தாண்டிச் செல்வோர் பலர். அது சரியன்று என்பது என் எண்ணம். இந்தக் கிழமைப் பாடத்தில் அந்தப் பாடசாலைக்குள்ளேயே சற்று நின்று பார்ப்போம்.

அவர் 1910 ஆகஸ்ட் 26ஆம் நாள் ஸ்கோப்யே நகரில், ஓர் அல்பேனியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அக்னேஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். எட்டு வயதில் தந்தை இறந்தார். தாய் ட்ரானா தையல் வேலையும் துணி வியாபாரமும் செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். இத்தனை சிரமத்திலும் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏழைகள் எவராவது அமராத நாள் குறைவு. பங்கிலே மாதா சபை இருந்தது. வங்காளத்துக்குப் போயிருந்த யூகோஸ்லாவிய இயேசு சபைக் குருக்களின் கடிதங்களும் கத்தோலிக்க மறைபரப்பு இதழ்களும் அங்கே வாசிக்கப்பட்டன. அவற்றை வாசித்த ஒரு சிறுமியின் உள்ளத்தில் தேவ அழைத்தல் முளைவிட்டது. கத்தோலிக்கப் பத்திரிகையை வாங்கிப் பிரிக்காமலே மேசையில் வைத்துவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக!

பதினெட்டாவது வயதில் மகள் தன் முடிவைச் சொன்னபோது ட்ரானா தமது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு பகலும் ஓர் இரவும் வெளியே வரவில்லை. வந்தபின் மகளைத் தடுக்கவும் இல்லை. உன் கையை இயேசுவின் கையில் கொடுத்துவிட்டு அவரோடேயே நட என்ற கருத்தில் ஆசி கூறி அனுப்பினார். அந்தப் பிரிவுக்குப் பின் தாயும் மகளும் இவ்வுலகில் ஒருவரையொருவர் காணவே இல்லை. ட்ரானா 1972இல் அல்பேனியாவின் திரானா நகரில் இறந்தார். அன்றைய கம்யூனிச அரசாங்கம் தாயை வெளியேறவும் விடவில்லை, மகளை உள்ளே வரவும் விடவில்லை.

நம் பிள்ளைகளைக் கன்னியர் மடத்துப் பாடசாலையில் சேர்ப்பதற்கு நாம் படும் பாடு கொஞ்சமன்று. பங்குத்தந்தையின் கடிதம், ஞானஸ்நானச் சான்றிதழ், தெரிந்தவர்களின் சிபாரிசு எனப் பல படிகள் ஏறி இறங்குகிறோம். அதே பிள்ளை பத்து வருடங்களுக்குப் பின் வந்து, ‘அம்மா, நானும் அந்தச் சகோதரிகளைப் போல் ஆகப் போகிறேன்’ என்றால், வீட்டில் எத்தனை நாள் கதவு சாத்தியிருக்கும்? ட்ரானா அழாத தாயல்லர். அழுகை தீர ஒரு நாள் எடுத்துக்கொண்டு, பிறகு கதவைத் திறந்த தாய்.

அக்னேஸ் அயர்லாந்தில் லொரேற்றோ சபையில் சேர்ந்து, சில கிழமைகள் ஆங்கிலம் படித்தபின், 1928 டிசம்பர் தொடக்கத்தில் கப்பலேறினார். அந்தக் கப்பல் இந்தியாவுக்குப் போகும் வழியில் நம் கொழும்புத் துறைமுகத்தில் தரித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து கூப்பிடு தூரத்தில், அந்த ஆண்டின் கடைசி நாட்களில், ஆசிய மண்ணின் தெருக்களை வியப்போடு பார்த்துக்கொண்டு நின்ற அந்த இளம்பெண் யாரென்று அன்று எவருக்குத் தெரியும்! சென்னையில் கப்பல் நின்றபோது கண்ட வறுமை அவரை உலுக்கியது. 1929 ஜனவரி 6ஆம் நாள், மூவிராசாக்கள் திருநாளன்று, கல்கத்தாவில் இறங்கினார். டார்ஜிலிங்கில் நவசந்நியாசம் முடித்து 1931 மே 24இல் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தார். உடனே கல்கத்தாவின் என்டாலி மடத்துக்கு, புனித மரியாள் பாடசாலைக்கு ஆசிரியையாக அனுப்பப்பட்டார்.

லொரேற்றோ சபையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனமில்லை. அதன் வேர், 1609இல் மேரி வார்ட் என்ற ஆங்கிலேயப் பெண் தொடங்கிய குழு. துறவியர் மடத்துச் சுவருக்குள் அடைந்து கிடவாமல் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கவேண்டும் என்றார் அவர். அந்தக் காலத்துக்கு அது பெருந்துணிச்சல். 1631இல் பாப்பரசர் எட்டாம் உர்பான் அந்தச் சபையையே கலைத்துவிட்டார். மேரி வார்ட் கலகம் செய்யவில்லை, கைவிடவுமில்லை. அதே வித்து அயர்லாந்தில் மறுபடி தழைத்து, அங்கிருந்து 1841இல் கல்கத்தாவுக்கு வந்தது. இன்று நம் பெண்பிள்ளைகள் புத்தகப் பையோடு மடத்து வாசலால் நுழைவது சாதாரணமாகத் தோன்றுகிறது. அந்த வாசலைத் திறக்கப் பெண்கள் பட்ட பாட்டை நாம் மறந்துவிட்டோம்.

என்டாலி வளவில் இரண்டு பாடசாலைகள் இருந்தன. ஒன்று ஆங்கிலப் பாடசாலை, மற்றது வங்காள மொழியில் படிப்பித்த புனித மரியாள் பாடசாலை. தெரேசாவின் இடம் இரண்டாவதில். வங்காள மொழியைப் பழுதறக் கற்று, அந்த மொழியிலேயே பாடம் சொன்னார். சபையில் ஏற்கெனவே இன்னொரு தெரேசா இருந்தபடியால், இவரை ‘வங்காளத் தெரேசா’ என்றே அழைத்தார்கள். அல்பேனியாக்காரிக்கு வங்காளம் அடைமொழியாயிற்று! கொழும்பில் வாழும் நாம் பிள்ளைகளின் தமிழைப் பற்றி அலட்சியமாக இருக்கும்போதெல்லாம் இதை எண்ணிக்கொள்வது நல்லது.

அக்காலத்தில் அவர் தாய்நாட்டு மறைபரப்பு இதழுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு காட்சி வருகிறது. புனித தெரேசா பாடசாலை என்ற ஓர் ஏழைப் பாடசாலையிலும் அவருக்குப் படிப்பிக்கும் வேலை கொடுக்கப்பட்டது. முதல் நாள் போனபோது அறை முழுவதும் குப்பை. அவர் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்யவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, தண்ணீரும் விளக்குமாறும் தேடியெடுத்துத் தாமே கூட்டிக் கழுவத் தொடங்கினார். பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். ஆசிரியை ஒருவர் தரை கூட்டுவதை அவர்கள் கண்டதேயில்லை. கூட்டுவது கீழ்ச்சாதியாரின் வேலை என்றே பழக்கப்பட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். பையன்கள் தண்ணீர் சுமந்தார்கள். பின்பு அவர் அழுக்குப் படிந்த அந்தச் சின்னத் தலைகள் ஒவ்வொன்றிலும் கை வைத்தாராம். அன்று முதல் பிள்ளைகள் அவரை ‘மா’ என்று கூப்பிட்டார்கள். மா என்றால் அம்மா.

1937 மே 24இல் அவர் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தார். அக்கால லொரேற்றோ வழக்கப்படி, நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த சகோதரிக்கு ‘மதர்’, அதாவது ‘அன்னை’ என்ற பட்டம் சேரும். ஆகவே உலகம் முழுவதும் தெரிந்த ‘அன்னை தெரேசா’ என்ற பெயர், 1979ஆம் ஆண்டு நோபல் பரிசு கொடுத்த பெயருமன்று, சேரியில் சம்பாதித்த பெயருமன்று. அது ஒரு பாடசாலை ஆசிரியையின் பெயர்.

அந்தப் பாடசாலையில் அவர் மகிழ்ச்சியாக இருந்தார். தம் மகிழ்ச்சியைத் தாய்க்கு எழுதியபோது, ட்ரானாவிடமிருந்து வந்த பதிலில், நீ ஏழைகளுக்காகத்தானே அங்கே போனாய் என்று நினைவூட்டல் இருந்தது. ஊரிலே புண்பட்டுத் தனித்துக் கிடந்த ஒரு பெண்ணின் பெயரையும் தாய் குறிப்பிட்டிருந்தார். பிள்ளையின் உயர்வைக் கேட்டுப் பூரித்துப்போகாமல் இப்படி எழுதும் தாயைப் பெற்றவர் பாக்கியசாலி.

மடத்து மதிலுக்கு அப்பால் மோத்திஜீல் என்ற சேரி இருந்தது. முத்து ஏரி என்பது அந்தப் பெயரின் பொருள். அங்கே இருந்ததோ கலங்கிய குட்டையும் நெருங்கிய குடிசைகளும். அன்றைய சபை ஒழுங்கின்படி, கடமையின்றிச் சகோதரிகள் வெளியே போக இயலாது. ஆனால் மாணவிகள் போகலாம்! பாடசாலையின் மாதா சபைப் பிள்ளைகளை, பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குருவான ஜூலியன் ஹென்றி அடிகள் நெறிப்படுத்தினார். அவர்கள் சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்து, கண்டதையெல்லாம் தங்கள் ஆசிரியையிடம் சொன்னார்கள். ஆசிரியை கரும்பலகையருகே நின்று படிப்பித்தார். பிள்ளைகள் தெருவில் கற்றதை அவருக்குப் படிப்பித்தார்கள். இது ஓராண்டு ஈராண்டு அன்று, பல ஆண்டுகள் நடந்தது.

1944இல் அவர் அதிபரானார். 1946 ஆகஸ்ட் 16இல் கல்கத்தாவில் இந்து முஸ்லிம் கலவரம் மூண்டு ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். விடுதியில் ஏறக்குறைய 300 பிள்ளைகள். சாப்பாட்டுச் சாமான்கள் முடிந்துவிட்டன. அதிபர் ஒழுங்கைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தனியாகத் தெருவுக்கு இறங்கினார். தெருவெல்லாம் பிணங்கள். லொறியில் வந்த இராணுவத்தினர் அவரை மறித்து, வெளியே வரக்கூடாது என்றனர். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்றார் இவர். அவர்களிடம் அரிசி இருந்தது. அரிசி மூட்டைகளையும் அதிபரையும் பாடசாலையில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அடுத்த மாதம் 10ஆம் தேதி, தியானத்துக்காக டார்ஜிலிங் போகும் புகைவண்டியில், ஏழைகளிலும் ஏழைகளிடம் போகும்படி அழைக்கப்பட்டார். அது நீங்கள் அறிந்த கதை. அதன் பின் அவர் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் காத்திருந்ததுதான் பலர் அறியாதது. பேராயர் பெரியே ஆண்டகை அவசரப்படவில்லை. இவரும் கீழ்ப்படிதலை மீறவில்லை. அந்தக் காத்திருப்பிலும் படிப்பித்துக்கொண்டே இருந்தார். என்டாலியைப் பிரிந்தது, பெற்ற வீட்டைப் பிரிந்ததிலும் கடினமாக இருந்தது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். வெறுத்து விட்டவர் இப்படிச் சொல்வாரா?

பட்னாவில் சில மாதங்கள் மருத்துவப் பயிற்சி பெற்று, 1948 டிசம்பரில் மோத்திஜீலுக்குப் போனார். அங்கே முதன் முதலில் என்ன செய்தார்? ஆஸ்பத்திரி கட்டவில்லை. பிள்ளைகளைக் கூட்டி வைத்து, ஒரு தடியை எடுத்து, தரையில் வங்காள எழுத்துக்களை எழுதினார். வெண்கட்டியும் இல்லை, கரும்பலகையும் இல்லை, பாடசாலை நடந்தது. ஒழுங்காக வந்த பிள்ளைக்குப் பரிசு ஒரு சவர்க்காரக் கட்டி.

1949 மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள். அவர் தங்கியிருந்த வீட்டுக்கு முதல் பெண் வந்து சேர்ந்தார். அவர் சுபாஷினி தாஸ், புனித மரியாள் பாடசாலையில் அவரிடம் படித்தவர். ஆசிரியையின் ஞானஸ்நானப் பெயரையே எடுத்துக்கொண்டு சகோதரி அக்னேஸ் ஆனார். தொடர்ந்து வந்த முதல் சகோதரிகளும் பெரும்பாலும் அதே பாடசாலையின் பிள்ளைகள். அவர்களில் ஒருவரான சகோதரி ஜெர்ட்ரூட் மருத்துவம் படித்து அந்தச் சபையின் முதல் டாக்டரானார். 1950 அக்டோபர் 7இல் சபை அங்கீகாரம் பெற்றபோது அதன் அத்திவாரக் கற்கள் என்டாலியின் வகுப்பறையிலிருந்து வந்தவையே. திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது 2016 செப்டம்பர் 4இல்; அவருடைய திருநாள் செப்டம்பர் 5.

நம் நாட்டில் இந்தப் பணி அதைவிடப் பழையது. திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணத்துக்கும், நல்லாயன் கன்னியர் 1869இல் கொழும்புக்கும் வந்தார்கள். 1960இல் அரசாங்கம் உதவி நன்கொடைப் பாடசாலைகளைப் பொறுப்பேற்க முனைந்தபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கியிருந்து காவல் காத்தார்கள். கட்டடத்துக்காக மட்டும் காவல் இருந்திருக்கமாட்டார்கள். தங்களைப் படிப்பித்த முகங்கள் அவர்கள் நினைவில் இருந்தன.

அந்த முகங்களில் பலவற்றுக்கு இன்று பெயர் கூட எழுதப்படவில்லை. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ உங்கள் தாயாரை, பாட்டியாரைப் படிப்பித்த ஒரு சகோதரியை வீட்டில் யாராவது இன்னும் பேசுகிறார்களா? இன்றிரவு செபமாலை முடிந்தபின் கேட்டுப் பாருங்கள். அவர் எந்த வகுப்பில், என்ன பாடம் படிப்பித்தார், எதற்குக் கோபித்தார், யாருக்குப் பின்னேரங்களில் இருத்திச் சொல்லிக் கொடுத்தார் என்பவற்றை ஒரு பக்கத்துக்கு மிஞ்சாமல் எழுதி, பத்திரிகை விலாசத்துக்கு அனுப்புங்கள். பழைய வகுப்புப் படம் இருந்தால் சேர்த்து அனுப்பலாம். பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம்.