மூன்று கட்டையில் ஷோப்பான்

ஷோப்பானின் பத்தாம் ஓபஸில் மூன்றாவது எட்யூட் 1833-இல் அச்சானது. ஈ மேஜர், நம் கணக்கில் மூன்று கட்டை. விரல் பயிற்சி என்ற பெயரில் வந்த முழுப் பாட்டு அது. சம இடைவெளிச் சுருதியில் கேட்டே பழகிய இதை வேறு சுருதிமுறையில் வாசிக்க, புனேயின் வாகட் பகுதி அடுக்ககத்தில் இருப்பவருக்கு ஒரு டிஜிட்டல் பியானோவும் ஹெட்ஃபோனும் போதும்.

முதலில் காதைத் தயார் செய்யுங்கள். தம்புரா செயலியை மூன்று கட்டையில் ஓடவிட்டுக் கவனியுங்கள். யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் உள்ளிருந்து கேட்கும். அது ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் உயரத்தில் இருக்கிறது (அரைச்சுரம் ஒன்றுக்கு 100 சென்ட்). அதன்மேல் பியானோவில் அதே காந்தாரமான ஜி ஷார்ப்பை அழுத்துங்கள். அது 400. அந்த 14 சென்ட் உறுத்தத் தொடங்கிய பிறகே அடுத்த வேலை.

பியானோவின் அமைப்புகளில் 'டெம்பரமென்ட்' (சுருதிமுறை) இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் உண்டு. 'ஜஸ்ட் மேஜர்' ஆசை காட்டும். தொடக்க வரிகள் தேனாக இருக்கும். ஆனால் ஈ-யை அடிச்சுரமாக வைத்தால் எஃப் ஷார்ப்புக்கும் சி ஷார்ப்புக்கும் நடுவே பஞ்சமம் 22 சென்ட் குறைந்துபோகும். பல சுருதிகளைத் தொட்டு ஓடும் நடுப்பகுதியை அது தாங்காது. 'வெர்க்மைஸ்டர்' எடுங்கள். அடிச்சுரம் சி என்றால் நம் காந்தாரம் 402, சமச் சுருதியைவிடவும் கூர்மை. அடிச்சுரத்தை ஈ-க்கு மாற்றினால் 390. என் தேர்வு இதுதான்.

இனி வாசிப்பு. வலக்கையின் உள் சுரங்களை விட்டுவிட்டு, மேல் மெட்டையும் இடக்கை பாஸையும் மட்டும் மெதுவாக வாசியுங்கள். மெட்டு ஏறி ஜி ஷார்ப்பில் நிற்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். இந்தச் சுருதிமுறையின் பலன் முழுதும் அங்கேதான் இருக்கிறது. பிறகு உள் சுரங்களைச் சேருங்கள், மெட்டைவிட மெல்லியதாக. நடுப்பகுதியின் இரட்டைச் சுர ஓட்டத்தில் சில கோர்வைகள் கரகரக்கும். அங்கே பெடலை அடிக்கடி மாற்றுங்கள். முதல் மெட்டு திரும்பும்போது காது இளைப்பாறும்.

கம்பி பியானோவுக்கு இந்த அமைப்பு வேண்டாம். சி-ஈ இடைவெளி 408 ஆகிவிடும், குழந்தைகளின் சி மேஜர் பாடங்கள் கெடும். ட்யூனரிடம் 'வலோட்டி' சுருதிமுறையைக் கேளுங்கள். ஏ-யை மாற்றாமல் வைத்தால் எந்தச் சுரமும் 8 சென்ட்டுக்கு மேல் நகராது. ஈ மேஜர் காந்தாரம் 404-இல் நிற்கும், கொஞ்சம் பளிச்சென்று. மழைக்கால ஈரத்தில் சவுண்ட்போர்டு உப்பிச் சுருதி ஏறும் என்பதால், புனேயில் மழை ஓய்ந்து அக்டோபர் வந்தபின் ட்யூனரை அழையுங்கள்.