காது பழகிய பாட்டு

சித்தூர்ப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஐந்து பேர். ஆயாவுக்குப் பாரதக் கூத்துப் பாட்டு பிடிக்கும். அப்பாவுக்கு இளையராஜா பாட்டு. அம்மா சுப்ரபாதம் கேட்காமல் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார். மகனுக்குத் தெலுங்குச் சினிமாவின் வேகப் பாட்டு. மகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இந்திப் பாட்டு கேட்கிறாள்.

ஒருநாள் பேரன் சொல்கிறான்:

"என்ன ஆயா, இதெல்லாம் ஒரு பாட்டா? ஒரே கத்தல்!"

ஆயா விடுவாரா?

"உன் பாட்டு மட்டும் என்னடா கண்ணு? தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டி விட்ட மாதிரி இருக்குது."

யார் சொல்வது சரி? ஒரே வீடு. ஒரே சோறு. பாட்டு மட்டும் ஆளுக்கு ஒன்று. இது எப்படி வந்தது?

பிறக்கும்போதே வந்ததா?

"அது பிறவிக் குணம்" என்று சிலர் சொல்வார்கள். ஆராய்ந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

2005-ஆம் ஆண்டு இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். ஒருவர் எரின் ஹானன். மற்றவர் சாண்ட்ரா டிரெகப். ஐரோப்பாவில் பல்கேரியா என்று ஒரு நாடு இருக்கிறது. அந்தப் பக்கத்து நாட்டுப்புறப் பாட்டுகளில் ஏழு எண்ணிக்கைத் தாளம் சாதாரணமாக வரும். வட அமெரிக்காவில் வளர்ந்த பெரியவர்களுக்கு அந்தத் தாளம் பிடிபடவில்லை. தாளம் தவறினாலும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் ஆறு மாதக் குழந்தைகள் கண்டுபிடித்துவிட்டன! ஒரு வயதுக் குழந்தைகளோ பெரியவர்களைப் போலவே இருந்தன. தங்கள் ஊர்த் தாளம் மட்டும்தான் பிடிபட்டது. பிறகு இரண்டு வாரம் வீட்டில் அந்த அயல் நாட்டுப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். குழந்தைகளுக்கு மறுபடியும் பிடிபட்டது. பெரியவர்களுக்கு அவ்வளவு எளிதில் வரவில்லை.

ஏழு எண்ணிக்கைத் தாளம் நமக்குப் புதிது இல்லை. "தகிட தகதிமி" என்று சொல்லி ஏழு தட்டிப் பாருங்கள். கோயில் நாதசுரத்தோடு வரும் தவிலில் இதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதனால் உங்களுக்குச் சுலபம். கேட்டே இராதவர்களுக்குக் கடினம். அவ்வளவுதான்.

ஆகவே, பிறக்கும்போது காது திறந்த வீடு மாதிரி இருக்கிறது. எல்லாப் பாட்டும் உள்ளே வரலாம். வளர வளர, அடிக்கடி வரும் விருந்தாளிக்கு மட்டும் கதவு திறக்கிறது. தாலாட்டு, கோயில் மேளம், தெருவில் கேட்ட பாட்டு எல்லாம் இப்படித்தான் உள்ளே நுழைகின்றன. பத்து வயது முதல் இருபது வயது வரை கேட்ட பாட்டு மனத்தில் ஆழமாகத் தங்கும் என்பதும் ஆராய்ந்து கண்டதுதான். அப்பாவுக்கு இளையராஜா ஏன் பிடிக்கிறது என்று இப்போது தெரிகிறது அல்லவா? 'அன்னக்கிளி' படம் 1976-இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் அவர் இளம் பிள்ளையாக இருந்திருப்பார்.

அறைக்குள் இருந்த பாட்டுகள்

நம் திருமலையிலேயே இதற்குப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது.

தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். அன்னமய்யா என்று அன்போடு சொல்வார்கள். வேங்கடேசப் பெருமாள் மேல் தெலுங்கில் பாட்டுப் பாடினார். சில பாட்டுகள் வடமொழியில். 32,000 பாட்டுகள் பாடினார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவருடைய மகன் காலத்தில் பாட்டுகளைச் செப்புத் தகடுகளில் வெட்டி வைத்தார்கள். 2,000-க்கும் மேற்பட்ட தகடுகள். அவற்றைத் திருமலைக் கோயிலுக்குள் ஒரு சிறிய அறையில் வைத்தார்கள்.

பிறகு? காலம் போனது. ஒருசில பாட்டுகள் தவிர மற்றவற்றை மக்கள் மறந்துபோனார்கள். பல நூறு ஆண்டுகள் கழிந்தன. இருபதாம் நூற்றாண்டில்தான் அந்தத் தகடுகள் வெளியே வந்தன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்ற அறிஞர்கள் அவற்றைப் படித்து அச்சிட உழைத்தார்கள். 12,000-க்கும் மேற்பட்ட பாட்டுகள் கிடைத்தன.

ஒரு சிக்கல் இருந்தது. தகட்டில் சொல் இருந்தது. ராகத்தின் பெயர் இருந்தது. ஆனால் எப்படிப் பாடுவது என்ற மெட்டு இல்லை. மெட்டு வாயிலிருந்து காதுக்குப் போவது. நடுவில் அது அறுந்துவிட்டது. எனவே புதிதாக மெட்டு அமைத்தார்கள். ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, பாலமுரளிகிருஷ்ணா, பாலகிருஷ்ண பிரசாத் ஆகியோர் இந்த வேலையைச் செய்தவர்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1978-இல் இதற்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய இசைத்தட்டுகள் வந்தன. பிறகு ஒலிநாடாக்கள் வந்தன. மலைப் பாதையிலும் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் அவை ஒலித்தன.

இன்று திருப்பதிப் பக்கம் அன்னமய்யா பாட்டுத் தெரியாத குழந்தை உண்டா? ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்தவர்களைக் கேட்டிருந்தால், அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை அறிந்திருக்க மாட்டார்கள். பக்தி அன்றும் இருந்தது. பாட்டும் அறைக்குள் இருந்தது. காதுக்கு வந்து சேரவில்லை.

சுப்ரபாதமும் அப்படியே. எம்.எஸ். பாடிய சுப்ரபாத இசைத்தட்டு 1963-இல் வந்தது. அது வடமொழி. நம் வீட்டு அம்மாவுக்கு அதன் பொருள் தெரியாது. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் கூடவே முணுமுணுப்பார். தினமும் கேட்டதால் வந்த உறவு அது.

மேலிருந்து திருத்த முடியுமா?

1952-இல் பி.வி. கேஸ்கர் என்பவர் மத்திய அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சர் ஆனார். அவருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு குறைந்து, பிறகு நின்றே போனது. சாஸ்திரீய சங்கீதம் நிறைய ஒலித்தது.

மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள்! இலங்கை வானொலியில் இந்திப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் தாராளமாக வந்தன. தமிழ் நாட்டில் வீட்டுக்கு வீடு இலங்கை வானொலிதான். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கியது.

கேஸ்கரை முழுதும் குறை சொல்லவும் முடியாது. கச்சேரிக்குப் போகக் காசும் இல்லாத, கூப்பிடவும் ஆள் இல்லாத பலர், பெரிய வித்வான்களின் பாட்டை அந்த வானொலியில்தான் முதலில் கேட்டார்கள். ஒன்றைக் கொடுத்தது நல்லது. அதற்காக மற்றொன்றைப் பிடுங்கியதுதான் தவறு.

எல்லை தாண்டிய காதுகள்

நம் சீமை மொழிகள் கலந்த சீமை. இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். குப்பம் பக்கம் போனால் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். பாட்டும் அப்படித்தான்.

சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1898-இல் புங்கனூரில் பிறந்தார். தந்தை அரிகதை செய்பவர். மகன் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் பாட்டுக் கற்றார். 1954-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய மாணவர்தான் மதுரை சோமு. சோமு கச்சேரி மேடையிலும் பாடினார். 'தெய்வம்' (1972) என்ற சினிமாவிலும் பாடினார்.

ஷேக் சின்ன மௌலானா கதை இன்னும் சுவையானது. ஓங்கோலுக்குப் பக்கத்தில் கரவதி என்ற ஊரில் 1924-இல் பிறந்தார். முஸ்லிம் குடும்பம். தலைமுறை தலைமுறையாக நாதசுரம் வாசிக்கும் குடும்பம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்தார். அந்தத் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்கத் தமிழ் நாட்டுக்கே வந்தார். திருவரங்கத்தில் குடியேறினார். 1999-இல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். வேறு பாணி, வேறு மொழி, வேறு மதம். காது இதையெல்லாம் பார்க்கவில்லை.

எஸ்.பி. பாலசுப்பிரமணியம் காளஹஸ்தியிலும் திருப்பதியிலும் படித்தவர். அவருடைய தந்தையும் அரிகதைக் கலைஞர். ஆனால் பாலு முறையாகச் சாஸ்திரீய சங்கீதம் கற்றவர் இல்லை. 'சங்கராபரணம்' படத்தில் பாட அழைத்தபோது தயங்கினார். இசை அமைத்தவர் நாகர்கோவில் பக்கத்துத் தமிழர், கே.வி. மகாதேவன். அவருடைய உதவியாளர் புகழேந்தி தைரியம் சொல்லிப் பயிற்சி கொடுத்தார். படம் 1980-இல் வந்தது. பாலுவுக்குத் தேசிய விருது கிடைத்தது. தெலுங்குப் படம் தமிழ் நாட்டிலும் ஓடியது. ராகத்தின் பெயர் தெரியாதவர்கள் கொட்டகையில் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். "இது பெரியவர்கள் பாட்டு, நமக்குப் புரியாது" என்ற கதவு அன்று சற்றுத் திறந்தது.

தப்பு யாருடைய கருவி?

கதவு அந்தப் பக்கமிருந்தும் மூடி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது.

திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் பம்பையும் தப்பும் முழங்கும். ஊரே ஆடும். ஜாத்திரை முடிந்ததும் என்ன நடக்கிறது? "தப்பு சாவு மேளம்" என்று முகத்தைச் சுளிக்கிறோம். அடித்தவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தி வைத்துக் கூலி கொடுத்த ஊர்கள் எத்தனை! தோலைப் பதப்படுத்தி, தீயில் காட்டிச் சுருதி ஏற்றி, இரண்டு குச்சிகளால் விதவிதமாக அடிக்கும் வித்தை அது. தொல்காப்பியமே பறையைச் சொல்கிறது. அவ்வளவு பழைய கருவி.

அந்தக் கருவி பிடிக்கவில்லையா, அடிப்பவரின் சாதி பிடிக்கவில்லையா? இந்தக் கேள்வியை நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நிலைமை மெல்ல மாறி வருகிறது. இப்போது கல்லூரிப் பெண்களும் பறை அடிக்கக் கற்கிறார்கள். மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள்.

எல்லாப் பாட்டும் எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்பதில்லை. பாகற்காய் பிடிக்காதவர் இருக்கிறார். அது குற்றம் இல்லை. வாயில் வைத்துப் பார்க்காமலே "சீ" என்று சொல்வதுதான் வேறு. புதுப் பாட்டை ஒருமுறை கேட்டால் இரைச்சலாக இருக்கும். நான்கு முறை கேட்டால் தாளம் தெரியும். பத்து முறை கேட்டால் அடுத்த வரி எங்கே திரும்பும் என்று காது காத்திருக்கும். அதற்கு மேலும் பிடிக்கவில்லையா? விட்டுவிடுங்கள்.

கூத்துக்குப் போகாத பேரன் தருமராஜர் கோயிலில் துரியோதனன் படுகளம் நடக்கும் அன்று ஆயாவோடு போய் உட்காரட்டும். முகவீணையும் மத்தளமும் விடிய விடியக் கேட்கட்டும். ஆயாவும் அவன் கைப்பேசியில் ஒரு பாட்டை முழுதாகக் கேட்கட்டும். வேகத்துக்கு அடியில் தப்பின் அடி இருப்பது ஆயாவுக்குத்தான் முதலில் தெரியும்.

செய்து பாருங்கள்

அன்னமய்யா பாட்டுக்குச் செப்புத் தகடு இருந்தது. உங்கள் ஊர் நடவுப் பாட்டுக்கும் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் என்ன இருக்கிறது? பாடுகிறவர்களின் நினைவு மட்டும்தான். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். வீட்டில் மூத்தவரைப் பாடச் சொல்லுங்கள். அவர் தமிழில் பாடினாலும் தெலுங்கில் பாடினாலும் கேட்டபடியே எழுதுங்கள். பேச்சுச் சொல்லைத் திருத்த வேண்டாம். புரியாத சொல்லைக் கேட்டு, அதன் பொருளைப் பக்கத்தில் எழுதுங்கள். மேலே பாடியவர் பெயர், ஊர், எந்த வேலையின்போது அல்லது எந்தச் சடங்கில் பாடுவது, யாரிடம் கற்றது என்று குறியுங்கள். மெட்டை எழுத முடியாது. வீட்டில் கைப்பேசி இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அடுத்த வாரம் நோட்டை மையத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒருவர் படிக்க, தெரிந்தவர்கள் சேர்ந்து பாடலாம்.